நெல்லுக்குள் கிடந்த கமரா

மூச்சுக்கூட விடக்கூடாது என்று எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்.

கிணற்றடியில் மாமி நின்றார். மாமி என்றால் என் மனைவியின் தாய். அவருக்குப் பக்கத்தில், பிள்ளைகளே, உங்கள் உம்மா. அடுத்ததாக உம்மாவின் தங்கை, உங்கள் சாச்சி ஜெஸீமா, முந்தானையைத் தலைக்கு மேலால் இழுத்துப் பல்லால் கடித்தபடி. மூவரும் வேலிக்கு நட்ட கட்டைகள் போல விறைத்துப்போய் நின்றார்கள். நான் எதிரே, கவிழ்த்து வைத்த உரலின் மேல் கமராவை இருத்தி, அதன் கண்ணைத் தைலப் போத்தல் மூடியால் பொத்திக்கொண்டு குனிந்திருந்தேன். அஸர் தொழுகை முடிந்து வெயில் தென்னைக்குப் பின்னால் இறங்கியிருந்த நேரம்.

படத்துக்கு உரியவன் மட்டும் நிற்கவில்லை. ஜெஸீமாவின் மகன் நிஸாம், நடக்கப் பழகின கையோடு ஓடவும் பழகிவிட்ட வயது. கிணற்றுக்கும் கோழிக்கூட்டுக்கும் இடையில் போய்வந்துகொண்டிருந்தான்.

"மருமகன், கெதியா எடுங்க. என்ட கால் கொதிக்கிது."

"மாமி, நீங்க கதைக்கப்படா. வாய் அசைஞ்சா படத்துல வாய் விழாது."

"விழாட்டிப் போகுது. இந்த வயசுல எனக்கு வாய்ப் படம் என்னத்துக்கு?"

"உம்மா, சும்மா நில்லுங்களேன்!" என்றாள் ஜெஸீமா. அழுகைக்கு முந்திய குரல் அது.

அவள் குரல் அப்படி இருந்ததற்குக் காரணம் இருந்தது. அவளுடைய மாப்பிள்ளை நஸீர் சவூதியில். மகன் பிறந்தது அவர் போன பிறகு. பிள்ளையின் காலில் ஏதோ குறை இருக்கிறது, வீட்டார் மறைக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். நிற்கிற பிள்ளையின் படம் வராவிட்டால் வேலையை முறித்துக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். அப்படி வந்தவரைச் சவூதிக்குத் திரும்ப விடமாட்டார்கள். ஜெஸீமாவுக்கென்று கட்டத் தொடங்கிய வீடு இடுப்பளவுச் சுவரோடு நின்றது. அந்தச் சுவருக்குக் கூரை வருமா வராதா என்பது, கோழிக்குப் பின்னால் ஓடும் ஒரு பொடியன் ஒருகணம் நிற்பதில் இருந்தது.

இந்த நிலைமைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்கிறேன். இப்போது நினைத்தாலும் எனக்கு மண்டை காய்கிறது.

உள்ளங்கைக்குள் ஒரு துருசு

கமரா வந்தது மாரி தொடங்குகிற காலத்தில். விடுமுறையில் ஊர் வந்த ஒருவர் கையில் நஸீர் கொடுத்தனுப்பியிருந்தார். சவர்க்காரப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரியது. முன்னால் ஒரு கண்ணாடிக் கண். அதைச் சுற்றிப் பொடி எழுத்தில் இலக்கங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று உங்களுக்கு முன்பே எழுதியிருக்கிறேன். வேலை நெல்லுக் குத்துகிற மில்லில். அங்கே உள்ள மெஷின்கள் யானை மாதிரி. பட்டி கழன்றால் இழுத்துப் போடலாம். இறுகினால் சுத்தியலால் இரண்டு போட்டால் வழிக்கு வரும். ஏசினால்கூடக் கேட்கும் என்று எங்கள் மில்லில் சொல்வார்கள். இந்தக் கமராவோ அடிக்கவும் ஏலாது, ஏசவும் ஏலாது. எங்கே அடிப்பது?

அதன் உள்வேலையை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன், பிள்ளைகளே. குளத்துக்குத் துருசு இருக்கிறதல்லவா? கதவைத் தூக்கினால் வாய்க்காலில் தண்ணீர் பாயும், இறக்கினால் நிற்கும். கமராவின் கண்ணுக்குள்ளும் அப்படி ஒரு துருசு. முன்னுக்கு ஒரு கண்ணாடி, பின்னுக்கு ஒரு கண்ணாடி, இரண்டுக்கும் நடுவில் ஈசல் இறகு போன்ற மெல்லிய எஃகுத் தகடுகள். பொத்தானை அமத்தினால் தகடுகள் விரிந்து, வெளிச்சத்தை உள்ளே விட்டு, நீங்கள் கண் இமைக்க முன்னர் மூடிவிடும். வெளிச்சம் கூடப் பாய்ந்தால் வெள்ளத்தில் வயல் மூழ்கின மாதிரிப் படம் வெளுத்துப்போகும். பாயாவிட்டால் ஒன்றுமே விளையாது.

இத்தனையும் ஒரு பாக்களவு இடத்துக்குள். இதைச் செய்தவனின் கைவிரல் எப்படி இருக்குமோ என்று நான் யோசித்ததுண்டு.

மாமியின் காவல்

கமராவோடு ஒரு கசட்டும் வந்தது. அந்தக் காலத்தில் வெளிநாட்டில் இருந்தவர்கள் கசட்டில் கதைத்து அனுப்புவார்கள். வீட்டில் எல்லாரும் ரேடியோவைச் சுற்றி இருந்து கேட்போம். நஸீர் ஒவ்வொருவர் பேராகச் சலாம் சொல்லிவிட்டுக் கடைசியில், மூத்தவன் என்பதால் என்னைக் 'காக்கா' என்று கூப்பிட்டுச் சொன்னார்:

"காக்கா, நம்மட ஊர் கடல் காத்து கூடாது. ஈரம் பட்டா கண்ணாடில பூசணம் புடிச்சிடும். காய்ஞ்ச இடத்துல வைங்க."

அவ்வளவுதான். மாமி எழும்பினார்.

எங்கள் பக்கத்து வீடுகளில் நெல்தான் எல்லாவற்றுக்கும் காவல். மாங்காய் பழுக்க நெல்லுக்குள் புதைப்பார்கள். முட்டை உடையாமல் இருக்க நெல்லுக்குள் வைப்பார்கள். கள்ளன் பயம் என்றால் பவுணும் நெல்லுக்குள்தான் போகும். மாமி கமராவை ஒரு பழைய சீலைத்துண்டில் சுற்றி, அறை மூலையில் இருந்த நெல் மூடையின் அடியாழத்தில் கைவிட்டுப் புதைத்தார்.

"மாமி, அது மிசின்."

"மிசின் எண்டா என்ன? ஈரம் உறிஞ்ச நெல்லப் போல ஒண்டு ஒலகத்துல இல்ல. கள்ளனுக்கும் தெரியா, கண்ணூறும் படா."

பிள்ளையைப் படம் எடுக்கவும் விடவில்லை. பல்லு முளைக்க முன்னர் படம் எடுத்தால் கண்ணூறு படுமாம். நிஸாமின் பல்லோ ஆறுதலாக, நேரமெடுத்து வருகிற பல்லு. மாரி முழுக்கக் கமரா நெல்லுக்குள் கிடந்தது. நஸீரின் கசட்டுகள் மட்டும் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: "புள்ளட படம் எங்க?"

பல்லு வந்தது. தோண்டி எடுத்தோம். துடைத்தோம். ஒரு பிலிம் முழுவதையும் எடுத்துத் தள்ளினேன். நிஸாம் மடியில், நிஸாம் தொட்டிலில், நிஸாம் ஆட்டுக்குட்டியோடு. டவுனில் உள்ள ஸ்டூடியோவில் கழுவக் கொடுத்தேன்.

ஸ்டூடியோக்காரர் பிலிமை வெளிச்சத்துக்குப் பிடித்துக் காட்டினார். கண்ணாடி மாதிரிச் சுத்தமாக இருந்தது.

"காக்கா, இதுல என்ன எடுத்தீங்க? வெளிச்சமே போகல்லையே."

மலையும் துவாயும்

என்ன செய்வது? நிஸாமைத் தூக்கிக்கொண்டு அதே ஸ்டூடியோவுக்குப் போனேன். ஜெஸீமா வரவில்லை. அந்நிய ஆணுக்கு முன்னால் போய் இருப்பதற்கு மாமி விடவில்லை.

ஸ்டூடியோவில் பின்னால் ஒரு திரை. அதில் பனி மூடின மலை, வாத்து, ஓடை. நிஸாம் அந்தப் பெரிய விளக்குகளைக் கண்டதும் பயத்தில் நனைத்துவிட்டான். களிசானைக் கழற்றி, நாற்காலியில் இருத்தி, மடியில் ஒரு துவாயைப் போட்டு மூடி எடுத்தோம். பிள்ளை சிலை மாதிரி இருந்தான். நல்ல படம். முகம் தெளிவு. நான் நிம்மதியாக அனுப்பிவைத்தேன்.

அடுத்த கசட்டில் நஸீரின் குரலே வேறாக இருந்தது.

"காக்கா, படம் கிடைச்சிது. பின்னால மலை ஒண்டு இரிக்கி. நம்மட கல்முனையில எங்க காக்கா மலை? சரி, அது போகட்டும். ஏன் இருத்தி எடுத்தீங்க? நிக்க வெச்சு எடுக்கேலாதா? காலுக்கு மேல ஏன் துவாயப் போட்டீங்க?"

பின்னால் ஏதோ ஒரு மின்விசிறி ஓடுவது மட்டும் கேட்டது.

"இஞ்ச எங்களோட இரிக்கிற ஒருத்தர்ர வாப்பா மௌத்தாகி, அடக்கியும் முடிஞ்சு, எத்தனையோ மாசம் வீட்டார் மறைச்சு வெச்சாங்க. கேக்கக் கேக்க 'சுகம், சுகம்' எண்டுதான் சொன்னாங்க. நீங்களும் 'சுகம், சுகம்' எண்டுதான் சொல்லுறீங்க. ஜெஸீமா, உண்மையச் சொல்லு. புள்ளட கால் சரியா?"

ஜெஸீமா ரேடியோவைப் பார்த்து, "அல்லாஹ் மேல ஆணையா சரி" என்றாள். ரேடியோவுக்குக் காது இல்லை என்பது அவளுக்கு அந்த நேரம் ஞாபகத்தில் இல்லை.

நாங்களும் கசட்டில் பதிந்து அனுப்பினோம். மாமி ஒரு பக்கம் முழுக்கச் சத்தியம் செய்தார். நிஸாமை ரேடியோவுக்குப் பக்கத்தில் ஓடவிட்டு அவன் காலடிச் சத்தத்தைக்கூடப் பதிந்தேன். டப், டப், டப் என்று நன்றாகவே விழுந்திருந்தது.

பதில் வந்தது: "அது யாரோ மா இடிக்கிற சத்தம். நான் என்ன சின்னப் புள்ளயா? நிக்கிற படம் வேணும், நம்மட வீட்டு வளவுல, நம்மட ஆக்களோட. இல்லாட்டி நான் வந்துடுவன்."

கேட்கிறேன், பிள்ளைகளே. இப்படிப்பட்ட மனிதனோடு என்ன செய்வது? ஆனால் அவருடைய இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். அதனால்தான் எனக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

உள்ளே இருந்த சீவன்

கமராவை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனேன். கமரா திருத்துகிறவர் எங்கள் பக்கம் யாரும் இல்லை. பாண்டிருப்பைச் சேர்ந்த சிவம் அண்ணன் கையில் கட்டுகிற மணிக்கூடு திருத்துவார். அவருடைய கடையில் ஒரு மேசை, ஒரு ஆள் நிற்க இடம்.

"காக்கா, நான் மணிக்கூட்டுக்காரன். முதலே சொல்லிப் போட்டன்."

"பரவாயில்ல அண்ணன், திறந்து பாருங்க. ரெண்டும் சின்னச் சக்கரந்தானே."

அவர் ஒரு கறுப்புக் குழாய்க் கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். மணிக்கூட்டுக்காரர்கள் வைப்பார்களே, அது. கமராவின் முன்கண்ணாடியைச் சுற்றிக் கழற்றினார். குனிந்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

"காக்கா, உங்கட கமராக்குள்ள ஒரு சீவன் இருந்திருக்கு."

குழாய்க் கண்ணாடியை என்னிடம் தந்தார். நானும் பார்த்தேன். எஃகுத் தகடுகளுக்கு நடுவில், கடுகளவில், மூக்கை நீட்டிக்கொண்டு, கால்களை மடித்துக்கொண்டு செத்துப்போய்க் கிடந்தது ஒரு நெல் வண்டு. அதை எனக்கு யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. மில்லில் தினமும் நான் இடுப்பில் கட்டின சாரத்தில் ஏறுகிற சாமான். ஆனால் அந்தக் கண்ணாடிக்குள்ளால் அது ஒரு எருமைக் கடா அளவில் தெரிந்தது. முழு ஜப்பானும் சேர்ந்து செய்த துருசை ஒரு வண்டு படுத்து அடைத்துவிட்டது.

"எடுத்து விடுங்க அண்ணன்."

முள்வாங்கியால் வண்டைப் பிடித்தார். வண்டு வந்தது. வண்டோடு இன்னொன்றும் வந்தது. மயிரை விட மெல்லிய ஒரு சுருள் கம்பி. 'டிங்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

"அசையாதீங்க!" என்றார் சிவம் அண்ணன்.

நான் அசையவில்லை. வாசலில் வேடிக்கை பார்த்து நின்றவர்களும் அசையவில்லை. இரண்டு பேரும் முழங்காலில் நின்று தரையைத் தடவினோம். சிவம் அண்ணன் கண்ணில் குழாயோடு என் சட்டைப் பையைச் சோதித்தார், என் தாடியைச் சோதித்தார். கம்பி போனது போனதுதான்.

"வேற ஒண்டு போடேலாதா?"

"யப்பானுக்குப் போனா எடுக்கலாம்."

"நான் வண்டத்தானே எடுக்கச் சொன்னன் அண்ணன்!"

"அதான் எடுத்துத் தந்திட்டனே காக்கா!"

இரண்டு பேரும் கொஞ்சநேரம் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டோம். பிறகு அவர்தான் ஒரு வழி சொன்னார். அந்தக் கம்பி இல்லாமல் தகடுகள் திறந்தபடியே நிற்கும், தானாக மூடாது. "நீங்க வெளியால மூடுங்க. கண்ணுக்கு ஒரு மூடி போடுங்க. மத்தியான வெயில்ல எடுக்காதீங்க, பின்னேரம் நிழல்ல எடுங்க. மூடியத் தூக்கி, 'ஒண்டு' எண்டு சொல்லி, போட்டுடுங்க. அந்த நேரத்துக்குள்ள ஆரும் அசையப்படா."

"புள்ள?"

"ஆரும் அசையப்படா எண்டா புள்ளையும்தானே காக்கா."

யாருடைய வண்டு?

நடந்ததை வீட்டில் வந்து சொன்னேன். கமராவைப் பற்றி மாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்ட நெல்லுல வண்டா?"

"மாமி, நான் கண்ணால பார்த்த."

"என்ட நெல்லு மூணு வெயில்ல காஞ்ச நெல்லு! வேப்பிலை போட்டுக் கட்டின நெல்லு! அது உங்கட மில்லுல இருந்து உங்கட சாரத்துல வந்த வண்டு."

"சாரத்துல வந்த வண்டு மூடைக்குள்ள கிடந்த கமராக்குள்ள எப்பிடிப் போற?"

"அத வண்டுக்கிட்டக் கேளுங்க."

உங்கள் உம்மா இடையில் வந்து தைலப் போத்தல் மூடிக்குள் கறுப்புச் சீலை வைத்துத் தைத்துத் தந்தார். கமராவின் கண்ணில் அது இறுக்கமாகப் பொருந்தியது. அந்த வீட்டில் அன்று உருப்படியாக நடந்த ஒரே வேலை அது. பிறகு அவரே ஒரு யோசனையும் சொன்னார்.

"புள்ள உறங்கக்குள்ள எடுத்தா அசையமாட்டான்தானே?"

எனக்கும் நல்லதாகத்தான் பட்டது. மாமிதான் நெஞ்சில் கை வைத்தார்.

"கண்ண மூடிப் படுத்துக் கிடக்கிற புள்ளட படத்தையா அனுப்பப் போறீங்க? ஏற்கனவே நஸீர் எதையெதையோ நெனச்சிக்கிட்டிரிக்கான். அதக் கண்டா என்ன நெனப்பான்?"

ஜெஸீமா நிஸாமைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமி எத்தனையோ பிழையாகக் கதைப்பார். அன்று சொன்னது சரி.

பிஸ்மி சொல்லி முடிக்க

ஆக, மறுபடி கிணற்றடிக்கு வருவோம். நஸீரின் இடத்துக்குப் போகிறவர் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கொழும்புக்குப் புறப்படுகிறார். இது புதன்கிழமை.

சிவம் அண்ணன் "ஒண்டு" என்று சொல்லச் சொன்னார். நல்ல காரியம் தொடங்குகிறோம், அதனால் "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லித் தூக்கிப் போடுவோம் என்று நான் நினைத்தேன். நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

"பிஸ்மில்லாஹ்" என்று மூடியைத் தூக்கிப் போட்டேன்.

"மருமகன்! அல்லாட பேரப் பாதியில உடுறதா? முழுசாச் சொல்லுங்க."

"மாமி, முழுசாச் சொன்னா வெளிச்சம் கூடிடும்."

"பிஸ்மி சொல்லிக் கூடிப்போன வெளிச்சம் ஒண்டு இரிக்கா?"

முழுசாகவே சொன்னேன். "பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்." சொல்லி முடிப்பதற்குள் நிஸாம் படத்துக்குள் வந்து, படத்துக்கு வெளியே போய்விட்டான்.

பிஸ்கட் கொடுத்தோம். பிஸ்கட்டோடு ஓடினான். ஜெஸீமா தோளைப் பிடித்து நிறுத்தினாள், வழுக்கிக்கொண்டு போனான்.

"காலக் கயித்தால கட்டி வெப்பமா?" என்றார் மாமி.

"உம்மா! கட்டின கயிறு படத்துல விழுந்தா அவர் என்ன நெனப்பார்?"

"அப்ப நீ தூக்கி வெச்சுக்க."

"தூக்கி வெச்சா, நிக்க ஏலாத புள்ள எண்டு சொல்லுவார்!"

நான் வாய்விட்டுக் கத்திவிட்டேன். "நிக்கிறவனுக்கு நிக்கேலாது எண்டு ஒரு மனிசன் சொல்லுறான். நிக்கச் சொன்னா இவன் நிக்கிறானில்ல. நான் யாருக்கிட்டப் போய்ச் சொல்லுற?"

கடைசிப் படம் மிஞ்சியிருந்தது. மூவரும் மறுபடி கட்டைகளானார்கள். மூடியைத் தூக்கினேன். பிஸ்மி தொடங்கினேன். அந்த நேரம் பார்த்துக் கோழி ஒன்று கூட்டிலிருந்து பறந்தது. நிஸாம் தன் உம்மாவின் சீலையைப் பிடித்திருந்த கையை விட்டு, படத்துக்குக் குறுக்கே, மூன்று பெண்களுக்கும் முன்னால், ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடினான். நான் மூடியைப் போட்டுவிட்டு உரலின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டேன்.

நஸீர் எண்ணியது

ஸ்டூடியோக்காரர் கழுவித் தந்தார். எல்லாப் படமும் வெளுத்த சீலை மாதிரி வந்திருந்தது. கடைசி ஒன்று மட்டும் வெளிச்சம் மங்கியதால் தப்பியிருந்தது. அதில் மூன்று பெண்களும் அத்தனை தெளிவு. மாமியின் காது மடலில் உள்ள துளைகளைக்கூட எண்ணலாம். நிஸாம் இருந்த இடத்தில் ஒரு புகை. அடுப்பில் ஈர விறகு வைத்தால் வருமே, அந்த மாதிரி இடமிருந்து வலமாக இழுபட்ட ஒரு புகை. அதற்கு முகம் இல்லை, கை இல்லை. கீழே, மண்ணில் ஊன்றின நேரம் மட்டும் நின்ற பாதங்கள் மங்கலாக வரிசையில் விழுந்திருந்தன.

"இதையா அனுப்புற?" என்றாள் ஜெஸீமா.

வேறு எதை அனுப்புவது? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து கொடுத்தனுப்பினேன். நஸீர் வந்து இறங்கப் போகிற நாளை எதிர்பார்த்துக்கொண்டு இருந்தோம். சுவர் கட்டின மேசனிடமும் வேறு வேலை இருந்தால் பார்க்கச் சொல்லிவிட்டேன்.

அவர் வரவில்லை. கசட்தான் வந்தது.

ரேடியோவைச் சுற்றி இருந்தோம். சலாம் சொன்னார்.

"காக்கா, படம் கிடைச்சிது. படத்துல என்ட புள்ளட முகம் இல்ல."

ஜெஸீமா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கால் இரிக்கி. எண்ணிப் பார்த்தன் காக்கா. மண்ணுல அஞ்சு கால் இரிக்கி." அவர் குரல் உடைந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "ஓடுறான் என்ன? உம்மாட கையயும் உட்டுட்டு ஓடுறான் என்ன? ரூம்ல எல்லாருக்கும் காட்டினன். 'எங்க ஒன்ட புள்ள?' எண்டு கேட்டாங்க. 'புடிக்கேலாது, அவ்வளவு வேகம்' எண்டன். நான் வரல்ல காக்கா. மேசனக் கூப்பிடுங்க. சுவர எழுப்பட்டும்."

ஜெஸீமா கசட்டைப் பின்னுக்குச் சுற்றி அந்தச் சிரிப்பை மட்டும் மறுபடி போட்டாள். பிறகும் போட்டாள். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான்தான் முழு பிஸ்மி சொல்லச் சொன்ன" என்று உங்கள் உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

என்னால் அங்கே இருக்க முடியவில்லை. எழும்பி வளவுக்கு வந்தேன்.

கிணற்றடியில் நிஸாம் நின்றான். இரண்டு காலையும் ஊன்றி, கையைத் தொங்கவிட்டு, ஒரு கோழியைப் பார்த்தபடி, கண்கூடச் சிமிட்டாமல். பிஸ்மியாவது ஒன்றாவது, குர்ஆனின் நீளமான யாசீன் சூறா முழுவதையும் ஓதி முடிக்கும் அளவுக்கு, அசையாமல் நின்றான்.